இருபத்து மூன்று பொட்டுகள்

என் மகளுக்கு வலது காது கேட்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி அவளிடம் ஏதாவது கேட்பாள், பதில் வராது, "பொண்ணு ரொம்பக் கூச்சமோ?" என்று என்னைப் பார்ப்பாள். கூச்சமாவது மண்ணாவது. அந்தப் பக்கம் கேட்காது, இந்தப் பக்கம் வந்து பேசுங்கள் என்பேன். உடனே முகம் மாறும். "ஐயோ, பிறவியிலேயே அப்படியா?" என்று அடுத்த கேள்வி வரும். பிறவியில் இல்லை. ஆறு வயது வரைக்கும் இரண்டு காதும் நன்றாகத்தான் கேட்டன. அடுத்த அறையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் ஓடி வந்து நிற்பாள். அதைக் கெடுத்தவள் நான். கிருமி என்றார் டாக்டர், சீழ் என்றார், எலும்பு என்றார். படித்தவர், சொல்லட்டும். நடந்தது எனக்குத் தெரியும்.

நான் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கர். தைத்து முடித்த சட்டைகள் என் மேசைக்கு வரும். காலர், கை, பொத்தான், அடித்தையல் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்ப்பேன். எங்கே குறை இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன், நுனி சரியாகக் குறையைத் தொடுகிற மாதிரி. சட்டை டெய்லரிடம் திரும்பிப் போகும், சரியாகி வரும். குறையே இல்லாத சட்டைக்கு ஒரு பச்சைப் பொட்டு. பதினோரு வருடமாக இதே வேலை. புதிதாக வந்து சேருகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: அம்பைக் கண்டதும் பிய்க்காதே, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிய். பிய்த்த பிறகு தேடினால் சில குறைகள் கண்ணுக்கே தெரியாது.

வீட்டில் நானும் மகளும்தான். அவள் அப்பா கப்பலில் சமையல்காரர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. மகளுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வைத்தது அவர்தான். கண் விழித்தால் ஆன் ஆகும், கண் மூடினால்தான் ஆஃப். நடுவில் விளம்பரம்கூடக் கிடையாது. கால் வலிக்குது, மூக்கு அரிக்குது, அந்த மேகம் ஏன் அப்படி இருக்கு, வயிறு என்னமோ பண்ணுது, நீ ஏன் பேசமாட்டேங்கிற என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

பள்ளிக்கூடம் பன்னிரண்டு மணிக்கு விட்டுவிடும். எதிர் வீட்டு அக்காதான் கூட்டி வந்து, நான் ஆறு மணிக்குத் திரும்பும் வரை வைத்திருப்பார். அவர் வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. ஒருநாள் சாயங்காலம் வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"தப்பா நினைச்சுக்காத. உன் பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா வந்ததுல இருந்து அங்க வலிக்குது, இங்க வலிக்குது, அம்மா எப்ப வருவா, அம்மா எப்ப வருவான்னு ஒரே அழுகை. நான் என் மாமியாரைப் பாப்பேனா, இவளைப் பாப்பேனா? வேற யாரையாவது பாத்துக்கோயேன்."

வேறு யார் இருக்கிறார்கள்? அந்த அக்காவும் இல்லையென்றால் நான் வேலைக்குப் போகவே முடியாது.

"ஒரு மாசம் டைம் குடுங்கக்கா. நான் சரி பண்ணிடறேன்."

சரி பண்ணிவிடுகிறேனாம். பேச்சைப் பாருங்கள், அவள் என்ன சட்டையா?

அந்த நேரத்தில்தான் கம்பெனியில் எங்கள் சூப்பர்வைசர் ஒரு புது வேலை ஆரம்பித்திருந்தார். பல்லிடுக்கில் எப்போதும் காற்று வரும் என்பதால் அவருக்கு 'விசில்' என்று பெயர். சுவரில் பெரிய பலகை மாட்டினார். அன்றைக்கு டெய்லர்கள் உட்காரும் எந்த லைனில் சிவப்பு அம்பு குறைவோ அந்த லைனுக்குப் பச்சைப் பொட்டு. மாதக் கடைசியில் அதிகப் பொட்டு வாங்கிய லைனுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. பத்தே நாளில் அம்புகள் பாதியாகக் குறைந்துவிட்டன. விசிலுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. தேடிப் பார்த்தேன். கழிவுத்துணி மூட்டைக்கு அடியில் பதினேழு சட்டை. காலர் கோணியது, கை மாறித் தைத்தது, எல்லாம் என் மேசைக்கு வராமலே சுருட்டித் திணிக்கப்பட்டுக் கிடந்தன.

நேரே விசிலிடம் போனேன். "சார், குறை ஒண்ணும் குறையல. ஒளிஞ்சிருக்கு. குறையைக் காட்டினா பரிசு போயிடும்னா எவன் காட்டுவான்?"

"நீ ஒருத்தி, எதுலயும் நொள்ளை கண்டுபிடிப்ப," என்று சிரித்தார்.

"அதுக்குத்தான சார் சம்பளம் குடுக்கறீங்க," என்றேன். மதியம் சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தோம். என்ன கெட்டிக்காரி நான்!

அதே வாரம், மிச்சமாகி ஒதுக்கிப் போட்ட பச்சைப் பொட்டுச் சுருள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு சிவப்பு அம்புச் சுருளும் வந்துவிட்டது. அதை மேசை டிராயரில் போட்டேன். மகள் எடுத்துப் பார்த்தாள்.

"இது எதுக்கும்மா?"

"சட்டையில எங்க சரியில்லையோ அங்க ஒட்டறது."

"ஏன், சொல்லக் கூடாதா?"

"சட்டைக்கு வாய் இருக்கா? அதால சொல்ல முடியாதுல்ல, அதான் அம்பு."

பிறகு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, இருபத்தைந்து கட்டம் போட்டு, அவளை முன்னால் உட்கார வைத்தேன். "அழாம, நச்சரிக்காம, அங்க வலிக்குது இங்க வலிக்குதுன்னு அக்காவைத் தொந்தரவு பண்ணாம ஒரு நாள் இருந்தா ஒரு பச்சைப் பொட்டு. இருபத்தஞ்சு சேர்ந்தா நீ கேக்கறது வாங்கித் தருவேன். என்ன வேணும்?"

பொம்மை கேட்பாள், சைக்கிள் கேட்பாள், பேரம் பேசிப் பாதியாக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவள் விரலைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள்.

"நீ லீவு போடணும். ஒரு நாள் முழுக்க. துவைக்கக் கூடாது, போன் பேசக் கூடாது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். அழுதா என்ன பண்ணுவ?"

"ஒட்டினதுல ஒண்ணைப் பிச்சிடுவேன்."

அவள் தாளைப் பார்த்துத் தலையாட்டினாள். அது அவ்வளவு மலிவாக முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்.

முதல் நான்கைந்து நாள் ஒட்டுவதும் பிய்ப்பதுமாகப் போயிற்று. அப்புறம் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது அவளுக்கு. தினம் ஒரு பொட்டு. பத்து, பன்னிரண்டு, பதினைந்து. எதிர் வீட்டு அக்காவுக்கு நம்பவே முடியவில்லை. "என்னடி மந்திரம் போட்ட? ரேடியோ ஆஃப் ஆயிடுச்சு! ஒரு மூலையில உக்காந்து படம் வரையுது. இருக்கிற இடமே தெரியல," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பெனியில் பிள்ளை வைத்திருக்கிற எல்லோருக்கும் யோசனை சொன்னேன். இரண்டு பேர் சுருள் கேட்டு வாங்கிப் போனார்கள். அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கின்றன என்று கேட்க இன்றைக்கும் எனக்குத் தைரியம் இல்லை.

தினமும் பொட்டு ஒட்டுவதற்கு முன் கேட்பேன். "இன்னைக்கு எங்கயாவது வலிச்சுதா?"

"ஒண்ணுமில்லம்மா." பதில் சொல்லும்போது கண் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும்.

பதினாறாவது பொட்டா, பதினேழாவதா, சரியாக நினைவில்லை. ஒரு காலையில் தலை வார விடமாட்டேன் என்றாள். சீப்பு படும் முன்பே தோளைத் தூக்கிக்கொண்டு விலகினாள். "தலையைக் காட்டுடி, கம்பெனி வேன் வந்துடும்," என்று அதட்டினேன். "இன்னைக்கு முடியை விட்டுக்கறேன்மா, ப்ளீஸ்மா," என்றாள். பெரிய மனுஷி ஆகிறாள், ஸ்டைல் கேட்கிறது என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். இரண்டு நாள் லேசாக உடம்பு சுட்டது. ஊரெல்லாம் சளிக்காய்ச்சல். எதிர் வீட்டு அக்கா காய்ச்சல் மருந்து கொடுத்தார், சூடு இறங்கியது. தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. எச்சில் வழிந்திருக்கும் என்று சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கறை என்றால் எங்கிருந்து வந்தது என்று கேட்பது என் பிழைப்பு. சட்டையில் கடுகளவு எண்ணெய்ப் புள்ளி இருந்தால் எந்த மிஷினில் ஒழுகுகிறது என்று பிடித்துவிடுவேன். என் பிள்ளையின் தலையணைக் கறையை வெளுக்க வைத்துவிட்டு, போய்விட்டதே என்று திருப்திப்பட்டேன்.

மறுநாள் அதே தலையணையில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. விளையாட்டு என்று பிய்த்தெறிந்தேன்.

இருபத்து நான்கு பொட்டு முடிந்து, ஒன்றே ஒன்று பாக்கி இருந்த காலை அது. கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் அவள் பை, ஒரு கையில் என் டிபன் டப்பா. அவள் முடி காற்றில் விலகியபோது வலது காதுக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ தெரிந்தது. முடியைத் தூக்கினேன். அம்பு. நுனி காதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"என்னடி இது? கம்பெனி ஸ்டிக்கர் உனக்கு விளையாட்டா? யாரைக் கேட்டு டிராயரைத் திறந்த?"

அவள் என்னையே பார்த்தாள். நான் வெடுக்கென்று பிய்த்தேன். நான்கைந்து முடியும் கூடவே வந்தது. அவள் கண் நிரம்பியது. ஆனால் ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அடியில் சிவந்து வீங்கியிருந்ததாம். இருந்திருக்கத்தான் வேண்டும். நான் பார்க்கவில்லை. என் கண் ஸ்டிக்கரோடு நின்றுவிட்டது.

ஹாரன் திரும்பவும் அடித்தது. போகிற போக்கில் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பொட்டையும் பிய்த்தேன். "திருடினதுக்கு," என்றேன்.

இருபத்து மூன்று.

அன்று பன்னிரண்டரை மணிக்கு விசில் என் மேசைக்கு வந்து நின்றார். முகத்தில் விளையாட்டு இல்லை. "ஆபீஸ்ல போன். உன் எதிர் வீட்டுக்காரங்க." ஓடினேன். "சீக்கிரம் வாடி. நேரா நிக்க முடியல பிள்ளைக்கு. ஒரு பக்கமா சாயுது, வாந்தி எடுக்குது. தலையைத் தொட்டாலே துடிக்குது. ஆனா அழ மாட்டேங்குதுடி, அழவே மாட்டேங்குது!" என்று அக்கா போனில் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் முடியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எத்தனை நாளா காது வலி?"

"வலின்னு சொல்லவே இல்லையே டாக்டர்."

"இப்படி வீங்கினா பெரியவங்களே சுவத்துல முட்டிக்கிட்டு அழுவாங்க. ரெண்டு வாரமாவது இருக்கும். ஒரு தடவைகூடச் சொல்லலையா?"

நான் என்ன சொல்வேன்? தினம் கேட்டேன் டாக்டர், கேட்டுவிட்டு, இல்லை என்றதற்குப் பரிசும் கொடுத்தேன் என்றா?

சீழ் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்புக்கும், உள்காதுக்கும் போய்விட்டிருந்தது. அன்றைக்கே ஆபரேஷன். மூளைக்குப் போகவில்லை, அதற்குச் சந்தோஷப்படுங்கள் என்றார் டாக்டர். நான்கு நாள் கழித்துக் காதைச் சோதித்துப் பார்த்தார்கள். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "இந்தக் காது இனிமே கேக்காது. ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா..." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டு காதும் இருந்து என்ன பிரயோஜனம்?

ஆனால் நான் நொறுங்கியது அப்போது இல்லை. ஆபரேஷனுக்கு மறுநாளே நொறுங்கியாயிற்று. தலையைச் சுற்றிக் கட்டோடு அவள் கண் திறந்தாள். ஜன்னலில் வெயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இன்னைக்கு வேலைக்குப் போகலையா?"

"லீவு போட்டிருக்கேன்டா கண்ணு."

அவள் நெற்றி சுருங்கியது. "இருபத்து மூணுதானே ஆச்சு?"

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அந்த அம்பை எதுக்குடா ஒட்டின?"

"நான் வாயால சொல்லல." குரலில் பயம். மறுபடி ஒன்று பறிபோகும் என்ற பயம். "அழவும் இல்ல. அக்காவைத் தொந்தரவு பண்ணல. சட்டைக்கு ஒட்டுவல்ல, அந்த மாதிரி ஒட்டினேன். மொதல்ல தலகாணியில ஒட்டினேன், நீ பாக்கல. அதான் காதுல ஒட்டினேன். நீ பாப்பன்னு நினைச்சேன்."

நான் என் வாயைப் புடவைத் தலைப்பால் அடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். ஒரு நர்ஸ் வந்து, "தைரியமா இருங்கம்மா, பிள்ளை முன்னாடி அழக் கூடாது," என்றாள். அவளை அறைந்துவிடலாமா என்றிருந்தது.

எதிர் வீட்டு அக்கா தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "நான்தான் வாயை வச்சேன். பிள்ளை சத்தம் போட்டாத்தான் என்ன, என் காதா தேஞ்சு போகும்?" என்று மார்பில் அடித்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் குறையைச் சொன்னார், அவ்வளவுதான். கடலிலிருந்து கணவர் பேசினார். எல்லாவற்றையும் சொன்னேன், பொட்டு, அம்பு, பிய்த்தது, ஒன்றும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீ என்னடி பண்ணுவ, தனியா," என்றார். திட்டியிருக்கலாம் அந்த மனுஷன்.

போன வாரம்தான் வேலைக்குத் திரும்பினேன். பலகையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஒளித்து வைத்ததில் பாதி எப்படியோ நல்ல சட்டைகளோடு கலந்து போய், வாங்கியவர்கள் அந்த ஆர்டர் முழுக்க, ஆயிரத்துச் சொச்சம் சட்டையையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். விசில் என்னைப் பார்த்து, "நீ அப்பவே சொன்ன," என்றார். சட்டைகளை அங்கங்கே பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டைக்கு அது முடியும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் பாயில் படுத்திருந்தாள். ஃபிரிட்ஜ் கதவில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. பிய்க்கப் போனால் கத்துகிறாள். "இன்னும் ரெண்டுதாம்மா!" ஆஸ்பத்திரி லீவு கணக்கில் வராதாம், அது உடம்புக்குப் போட்ட லீவாம். இனிமேல் எங்கே வலித்தாலும் உடனே சொல்ல வேண்டும், சத்தம் போட்டு அழ வேண்டும் என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். சரிம்மா என்கிறாள். நேற்று காலைகூடக் கதவில் விரலை நசுக்கிக்கொண்டு, சத்தமே போடாமல் என்னையும் ஃபிரிட்ஜையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்தான் அலறினேன்.

இடது கன்னம் தலையணையில் அழுந்த, என் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். கேட்கிற காது கீழே. கேட்காத காது மேலே, அதன் பின்னால் தையல் போட்ட கோடு. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகளிடம் நேரே சொல்ல வேண்டியதை இத்தனை நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்தக் காதருகில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான்டா கண்ணு, நீ சரியாத்தான் ஒட்டின, நுனி சரியா இருந்துச்சு, நான்தான் பாக்கல, அம்மாவுக்குப் பொட்டும் வேணாம், அமைதியும் வேணாம், நீ கத்துடா, நாள் முழுக்கக் கத்து, என்னை மன்னிச்சிருடா.

மூச்சுக்காற்று பட்டிருக்க வேண்டும். அவள் புரண்டு திரும்பினாள். "என்னம்மா சொன்ன? இந்தப் பக்கம் சொல்லு."

அந்தப் பக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லடா," என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, நடை இன்னும் சரியாகாததால், ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே நடந்து ஃபிரிட்ஜுக்குப் போனாள். தாளில் கடைசியாக இருந்த பொட்டை நகத்தால் மெல்லக் கிளப்பி எடுத்தாள். திரும்பி வந்து என் புறங்கையில் ஒட்டி, ஓரமெல்லாம் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"நீ அழாம இருந்தல்ல," என்றாள். "அதுக்கு."